ஒரே வார்டு, மூன்று ஓய்வு வயதுகள்: பிரெஞ்சு மருத்துவமனை ஊழியர்களும் இடர்ப்பணி ஓய்வூதியமும்

பிரான்சின் அரசு மருத்துவமனை ஒன்றில், முதியோர் வார்டில், இரவுப் பணியில் இருக்கும் நான்கு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் உதவிச் செவிலியர். மற்ற மூவரும் பட்டயம் பெற்ற செவிலியர்கள். படுக்கையில் புரள முடியாத நோயாளியைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து ஏற்றுவது, விடிவதற்குள் முப்பது பேரின் உடையும் விரிப்பும் மாற்றுவது ஆகிய வேலைகளை அவர்கள் சேர்ந்தே செய்கிறார்கள். ஆனால் ஓய்வு வயதை உயர்த்திய 2023ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்துக்கு முந்தைய கணக்குப்படி, உதவிச் செவிலியர் 57 வயதில் ஓய்வு பெறலாம். மூத்த செவிலியர்களில் ஒருவரும் 57இல் போகலாம்; அவருடனேயே பயிற்சி முடித்த இன்னொருவர் 60 வரை காத்திருக்க வேண்டும்; 2012இல் வேலைக்குச் சேர்ந்த இளையவர் 62 வரை இருந்தாக வேண்டும். வேலையின் கடுமையில் இவர்களுக்குள் எந்த வேறுபாடும் இல்லை. ஒருவர் எந்த ஆண்டில் சேர்ந்தார், 2011இன் தொடக்கத்தில் எந்தத் தாளில் கையெழுத்திட்டார் என்பதுதான் வயதைத் தீர்மானிக்கிறது.

இந்த நிலை எப்படி ஏற்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால், அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு இடர்ப்பணி ஓய்வூதியம், அதாவது கடுமையும் ஆபத்தும் உள்ள வேலைக்கு ஈடாக முன்கூட்டிய ஓய்வு, வழங்க வேண்டும் என்ற கோரிக்கை எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதும் புரியும்.

பிரெஞ்சு அரசு ஊழியர் ஓய்வூதியத்தில் ‘களப்பணிப் பிரிவு’ என்றும் ‘அமர்வுப் பணிப் பிரிவு’ என்றும் சொல்லத்தக்க இரு வகைகள் உண்டு. இந்தப் பாகுபாடு மருத்துவமனைகளுக்காக உருவானதன்று. 1853 ஜூன் 9ஆம் நாளின் குடிமைப் பணி ஓய்வூதியச் சட்டம், பொதுவாக 60 வயதும் 30 ஆண்டுப் பணியும் நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியம் என்று விதித்தபோதே, சுங்கக் காவலர், வனக் காவலர், தபால்காரர் போன்று உடலை வருத்தி உழைப்பவர்களுக்கு 55 வயதும் 25 ஆண்டுப் பணியும் போதும் என்று சலுகை அளித்தது. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் 60ம் மழையில் நடப்பவரின் 60ம் ஒன்றல்ல என்ற எளிய உண்மையைச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டது. பின்னாளில் இதன் வரையறை ‘தனிப்பட்ட இடர் அல்லது வழக்கத்துக்கு மீறிய உடற்சோர்வு உள்ள பணி’ என்று நிலைபெற்றது. காவல் துறையினருக்கு இதைவிட முன்னதாகவே ஓய்வளிக்கும் மற்றொரு வகையும் சேர்ந்தது.

உள்ளாட்சி ஊழியர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்குமான ஓய்வூதிய நிதியம் 1945இல் அமைக்கப்பட்டது. அந்த நிதியத்தின் கீழ் வரும் பணிகளில் எவையெல்லாம் களப்பணி என்பதை 1969 நவம்பர் 12ஆம் நாளின் அரசாணை பட்டியலிட்டது. மருத்துவமனையைப் பொறுத்தவரை அதன் உயிர்நாடியான சொற்கள், ‘நோயாளிகளுடன் நேரடியான, இடைவிடாத தொடர்பு’ என்பவை. செவிலியர்களும் உதவிச் செவிலியர்களும் அந்தச் சொற்களின் வழியேதான் பட்டியலுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு 55 வயதில் ஓய்வு பெறும் உரிமை கிடைத்தது. களப்பணியில் 15 ஆண்டுகள் கழித்திருந்தால் போதும். 2010ஆம் ஆண்டு ஓய்வூதியச் சீர்திருத்தம் இந்த 55ஐப் படிப்படியாக 57 ஆகவும், 15ஐ 17 ஆகவும் உயர்த்தியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பொதுவெளியில் நடக்கும் விவாதங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. வயது ஒரு கதவை மட்டுமே திறக்கிறது. கதவுக்கு அப்பால் கையில் கிடைக்கும் தொகையைப் பணி ஆண்டுகளே முடிவு செய்கின்றன. முழு ஓய்வூதியம் என்பது கடைசி ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தில் 75 சதவீதம். அதைப் பெற, 1965க்குப் பிறகு பிறந்த தலைமுறைகளுக்கு 43 ஆண்டுகள் தேவை. 24 வயதில் சேர்ந்த உதவிச் செவிலியர் 57இல் வெளியேறினால் அவருக்கு 33 ஆண்டுகள்தான் சேர்ந்திருக்கும். 75 சதவீதத்தை 43ஆல் வகுத்து 33ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 57.5 சதவீதம் வருகிறது. குறைவுபடும் ஒவ்வொரு காலாண்டுக்கும் 1.25 சதவீதக் கழிவும் அதன்மேல் உண்டு. இந்தக் கழிவைத் தணிப்பதற்காகவே 2003ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவமனைக் களப்பணியில் கழிந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஓராண்டைக் கூடுதலாக, கழிவைக் கணக்கிடப் பயன்படும் ஆண்டுகளின் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள இடமளித்தது. அப்படியும், பிள்ளை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் பகுதி நேரம் பார்த்த பெண்ணுக்கு 57 என்பது காகிதத்தில் உள்ள உரிமையாகவே நின்றுவிடக்கூடும். உடல் ‘போதும்’ என்கிறது. சம்பளச் சீட்டு ‘இன்னும் நான்கு ஆண்டு’ என்கிறது. இடர்ப்பணி ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் வயதையும் தொகையையும் சேர்த்துப் பேசாவிட்டால், பாதி உரிமையை மட்டுமே பேசியவராவார்.

2010இல் நடந்த மாற்று

செவிலியர் பயிற்சி 2009இல் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இணையாக உயர்த்தப்பட்டது. மூன்றாண்டுப் படிப்பை முடித்தவர்களுக்கு இளநிலைப் பட்டத் தகுதி கிடைத்தது. அந்தத் தகுதிக்கு ஏற்ப அவர்களைப் பணி நிலையில் ‘பி’ பிரிவிலிருந்து ‘ஏ’ பிரிவுக்கு உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ரொசலின் பஷ்லோ அதற்கு இசைந்தார். ஆனால் உயர்வுக்கு ஒரு விலை வைக்கப்பட்டது. 2010 ஜூலை 5ஆம் நாளின் சட்டம், ‘ஏ’ பிரிவுக்குச் செல்லும் செவிலியர் களப்பணி உரிமையைக் கைவிட வேண்டும் என்று விதித்தது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குத் தேர்வு செய்யும் உரிமை தரப்பட்டது: கூடுதல் சம்பளத்தோடு ‘ஏ’ பிரிவுக்குப் போய் 60 வயதில் ஓய்வு பெறலாம், அல்லது பழைய சம்பள அளவிலேயே ‘பி’ பிரிவில் தங்கி, முன்னதாகவே போகும் உரிமையைக் காத்துக்கொள்ளலாம். 2011 மார்ச் இறுதிக்குள் ஒவ்வொருவரும் முடிவைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை தெரிவித்துவிட்டால் மாற்ற முடியாது.

அந்த நான்கு பெண்களுள் மூத்த செவிலியர் இருவரும் வெவ்வேறு வயதுகளைப் பெற்றது இப்படித்தான். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, கணவரின் வேலை நிலை, முதுகின் நிலை எல்லாவற்றையும் எடை போட்டு, ஆறு மாதத்துக்குள் வாழ்நாள் முடிவொன்றை எடுக்கும்படி அவர்கள் கேட்கப்பட்டார்கள். நாற்பது வயதில் ஒருவர், தமது ஐம்பத்தெட்டாவது வயதின் மூட்டு வலியை எந்த அளவுகோலால் அளந்திருக்க முடியும்? கூடுதல் சம்பளம் அடுத்த மாதமே கைக்கு வருவது. இழக்கும் ஆண்டுகளோ இருபது ஆண்டுக்குப் பின்னால் தெரிய வருபவை. இப்படிப்பட்ட பேரத்தில் இரு தட்டுகளும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு, தேர்வு செய்யும் வாய்ப்பே இல்லாதவர்களுக்கு நேர்ந்தது. சட்டத்துக்குப் பிறகு வேலைக்கு வந்த செவிலியர்கள் நேரடியாக ‘ஏ’ பிரிவில், அமர்வுப் பணியினராகவே சேர்க்கப்பட்டார்கள். இரவு முழுவதும் நடந்தே கழிக்கும் ஒருவர், ஓய்வூதியக் கணக்கில் ‘அமர்வுப் பணி’ செய்பவர் ஆனார். என் பார்வையில் 2010இன் அடிப்படைத் தவறு இதுதான். படிப்புக்கான அங்கீகாரம் வேறு, உடல் தேய்வுக்கான ஈடு வேறு. ஒருவர் பட்டம் பெற்றதால் நோயாளியின் எடை குறைந்துவிடவில்லை, இரவு பகலாகிவிடவில்லை. வெவ்வேறு காரணங்களுக்காகப் பிறந்த இரண்டு உரிமைகளை ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்த கணத்தில், ஓய்வு வயது வேலையின் தன்மையிலிருந்து பிரிந்து பதவிப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மாற்று வழியொன்று இருந்தது என்பதற்குச் சான்றையும் அதே நாடே தந்தது. 2021 அக்டோபரில் உதவிச் செவிலியர்கள் ‘சி’ பிரிவிலிருந்து ‘பி’ பிரிவுக்கு உயர்த்தப்பட்டபோது, களப்பணி உரிமை அவர்களிடமிருந்து பறிக்கப்படவில்லை. பதவி உயர்வும் உரிமையும் ஒருங்கே இருக்க முடியும் என்பதை அந்த முடிவு காட்டியது. அது பெருந்தொற்றுக்குப் பிந்தைய காலம் என்பதும், மாலை எட்டு மணிக்கு மாடங்களில் நின்று மக்கள் கைதட்டிய நினைவு அப்போது ஆறாமல் இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கவை.

வார்டில் உள்ள இடர் எது?

தீயணைப்பு வீரரின் இடர் கண்ணுக்குத் தெரிகிறது. மருத்துவமனையின் இடர் பெரும்பாலும் மெதுவாகச் சேர்வது. அதனால்தான் அதை நிறுவுவது கடினமாக இருக்கிறது. உடலின் உயிரியல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை, ‘மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளது’ என்ற வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மறு ஆய்வு செய்து அதையே உறுதிப்படுத்தியது. கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடும், நோய்க்கூற்றியல் ஆய்வகத்தின் ஃபார்மால்டிஹைடும், புற்றுநோய் வார்டில் ஏற்றப்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தும் அதே முகமையின் பட்டியலில் உறுதியான புற்றுநோய்க் காரணிகள். ஊசி குத்தும் விபத்துகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட மதிப்பீடு, உலகின் 35 மில்லியன் சுகாதாரப் பணியாளர்களில் 3 மில்லியன் பேர் ஆண்டுதோறும் இரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமிகளுக்கு இப்படி ஆளாகிறார்கள் என்றது. கோவிட் காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 மே வரை, 80,000 முதல் 1,80,000 வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பதும் அந்த நிறுவனத்தின் மதிப்பீடே.

இவற்றுக்கெல்லாம் பிறகும், ஊழியர்களை வேலையிலிருந்து மிகுதியாக வெளியேற்றுவது முதுகும் தோளும்தான். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைத் தூக்குவது சாக்கு மூட்டையைத் தூக்குவதைப் போன்றதன்று. மூட்டை அசையாது, பயப்படாது, கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. அதை வலிக்காமல் இறக்கவேண்டும் என்ற கவலையும் யாருக்கும் இல்லை. தூக்கு கருவி வார்டில் இருந்தாலும், அதை உருட்டி வந்து மாட்டுவதற்கு இரண்டு பேரும் பத்து நிமிடமும் வேண்டும்; ஆள் பற்றாக்குறை உள்ள இரவில் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. மனநல வார்டிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் அடியும் வசையும் இதோடு சேர்கின்றன.

இந்த இடர்களுக்கு அரசுகள் வழக்கமாகத் தரும் பதில், சம்பளத்தோடு சேரும் ஒரு படித்தொகை. பிரெஞ்சு அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணிக்கான படி நெடுங்காலம் மணிக்கு 1.07 யூரோவாக இருந்தது; 2024 ஜனவரி முதல்தான் அது மணிச் சம்பளத்தில் 25 சதவீதமாக உயர்ந்தது. வரவேற்கத்தக்க உயர்வு அது. ஆனால் ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டுமே கணக்கிடப்படுவதால், முப்பது ஆண்டு இரவுப் பணிக்கான படி முதன்மை ஓய்வூதியத்தில் எதையும் சேர்ப்பதில்லை. படிகளுக்கென்று 2005இல் தொடங்கிய துணைத் திட்டம் சிறு தொகையையே தருகிறது. இடருக்குப் படி கொடுப்பதற்கும் ஓய்வூதியத்தில் இடம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: படி இன்றைய இரவுக்கு ஈடு, முன்கூட்டிய ஓய்வு அந்த இரவுகளெல்லாம் உடலில் விட்டுச்சென்றதற்கு ஈடு. முன்னது பின்னதன் இடத்தை நிரப்பாது. அதே வேளையில், அரசுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே 2020 ஜூலை 13இல் கையெழுத்தான ‘செகூர்’ என்ற சுகாதாரத் துறை உடன்பாட்டின் வழியாகக் கிடைத்த மாதம் 183 யூரோ நிகர உயர்வு, ஓய்வூதியக் கணக்கில் சேரும் வகையில் வடிவமைக்கப்பட்டது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதை அதுவும் உணர்த்தியது.

பட்டியலா, பதிவேடா

களப்பணிப் பிரிவை எதிர்ப்போர் எல்லாரையும் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட முடியாது. பதவிப் பெயரை வைத்து உரிமை வழங்கினால், பதினேழு ஆண்டு வார்டில் இருந்துவிட்டு மீதிக் காலத்தை அலுவலகத்தில் கழித்தவரும், கடைசி நாள் வரை இரவுப் பணி பார்த்தவரும் ஒரே உரிமையைப் பெறுகிறார்கள் என்று அவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கான உயர் ஆணையர் ழான் போல் தெலவ்வா 2019 ஜூலையில் அரசிடம் அளித்த ஓய்வூதியச் சீர்திருத்த அறிக்கை இந்த வாதத்தின் மீதே கட்டப்பட்டது. மருத்துவமனைக் களப்பணிப் பிரிவைக் காலப்போக்கில் மூடிவிட்டு, தனியார் துறையில் உள்ள புள்ளிக் கணக்கை அரசு மருத்துவமனைகளுக்கும் கொண்டுவரலாம் என்று அது முன்மொழிந்தது.

அந்தப் புள்ளிக் கணக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. இரவுப் பணி, மாறும் ஷிப்டு, பாரம் தூக்குதல், வேதிப்பொருள் என்று பத்துக் காரணிகளை அளந்து, ஆண்டுதோறும் ஊழியரின் பெயரில் புள்ளிகள் சேர்ப்பது அதன் நோக்கம். 2017இல் அவற்றில் நான்கு நீக்கப்பட்டன: பாரம் தூக்குதல், உடலை வருத்தும் நிலைகள், இயந்திர அதிர்வு, வேதிப்பொருள். மருத்துவமனை வேலையின் மையமே இந்த நான்கில் மூன்று. எஞ்சியவற்றுள் செவிலியருக்குப் பயன்படக்கூடியவை இரவுப் பணியும் மாறும் ஷிப்டும் மட்டுமே. அவற்றின் வழியே பெறக்கூடியதும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு முன் ஓய்வு. பட்டியலைவிடப் பதிவேடு நேர்மையானது என்ற கொள்கையை நான் ஏற்கிறேன். ஆனால் தூக்கும் எடையைக் கணக்கில் எடுக்காத பதிவேட்டைக் காட்டி, இருக்கும் உரிமையை விட்டுத்தரும்படி உதவிச் செவிலியரைக் கேட்பது நியாயமாகாது. தெலவ்வாவின் அறிக்கையிலிருந்து பிறந்த சீர்திருத்தத்தை 2020 மார்ச் 16 இரவு, பொதுமுடக்கத்தை அறிவித்த அதே உரையில், அதிபர் மக்ரோன் நிறுத்தி வைத்தார். அதன் பிறகு அது மீண்டெழவில்லை.

2023ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. பிரிவுகளை அது தொடவில்லை. பொது வயதை 62இலிருந்து 64க்கும், களப்பணியினரின் வயதை 57இலிருந்து 59க்கும் படிப்படியாக நகர்த்த வழி செய்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற சமூகப் பாதுகாப்பு நிதிச் சட்டம் இந்த நகர்வை 2028 ஜனவரி வரை நிறுத்தி வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரிதாகப் பேசப்படாத நல்ல அம்சம் ஒன்றும் இருந்தது: நிரந்தரம் ஆவதற்கு முந்தைய பத்தாண்டுக்குள் ஒப்பந்தத்தில் பார்த்த அதே வேலையையும் களப்பணிக் காலமாகக் கணக்கிட அது இடமளித்தது. நிரந்தரமே ஆகாத ஒப்பந்த ஊழியருக்கு அதனால் பயனில்லை. அவர் அரசு ஊழியருக்கான களப்பணிப் பிரிவிலும் இல்லை. அரசுப் பணிச் சட்டத்தின்படி அமர்த்தப்பட்டவர் என்பதால் தனியார் துறைக்கான புள்ளிக் கணக்கிலும் இல்லை. துப்புரவை வெளி நிறுவனத்துக்கு ஒப்படைத்த மருத்துவமனையில், தொற்றுநோய் வார்டின் தரையைத் துடைப்பவர் மருத்துவமனை ஊழியர் என்ற கணக்கிலேயே வருவதில்லை. உரிமையை விரிவாக்குவது என்றால் முதலில் விரிய வேண்டியது இந்தத் திசையில்தான்.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் பிற நாடுகளும் திணறியிருக்கின்றன. போலந்தின் 2008ஆம் ஆண்டு ‘பால ஓய்வூதிய’ச் சட்டம், மருத்துவமனை முழுவதையும் சேர்க்காமல், மனநலப் பிரிவிலும் போதை மீட்புப் பிரிவிலும் நோயாளிகளுடன் நேரடியாகப் பணியாற்றுவோர், அவசர நிலையில் இயங்கும் அறுவைக் குழுவினர் என்று குறுகிய வட்டத்தை வரைந்தது. அங்கே பெண்களுக்கு 55, ஆண்களுக்கு 60. 1999க்கு முன் இத்தகைய வேலையைத் தொடங்கியவர்களுக்கே உரிமை என்றிருந்த தடையை நீக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2024 ஜனவரியில்தான் அது அகன்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலோ நேரடி விரிவாக்கமே நடந்தது. சிறைக் காவலர் போன்றோருக்காக 2006இல் தொடங்கிய பொதுப் பாதுகாப்பு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், லேக்வுட்டில் உள்ள வெஸ்டர்ன் ஸ்டேட் மருத்துவமனை போன்ற மாநில மனநல மருத்துவமனைகளின் செவிலியப் பணியாளர்களை 2018ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்து, 2019 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொதுத் திட்டத்தில் 65 ஆக இருக்கும் ஓய்வு வயது இதில் 60. இருபது ஆண்டுப் பணி இருந்தால் 53 வயதிலேயே, ஆண்டுக்கு 3 சதவீதக் குறைப்போடு வெளியேறலாம். கைதியைக் காப்பவருக்கும் நோயாளியைக் காப்பவருக்கும் நேரும் இடர் ஒன்றே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது அங்கே முக்கியமான அடி.

பிரான்சில் செவிலியர்களுக்கு இந்த உரிமையைத் திரும்பத் தருவதற்குக் குறுக்கே நிற்பது பணம். மருத்துவமனை ஊழியர்களுக்கான ஓய்வூதிய நிதியம் பற்றாக்குறையில் இருக்கிறது. அதை ஈடுகட்ட, மருத்துவமனைகள் செலுத்தும் பங்களிப்பு 2024இல் இருந்த 31.65 சதவீதத்திலிருந்து ஆண்டுக்கு 3 புள்ளிகள் வீதம் 2028 வரை உயர்த்தப்படுகிறது. ஊழியரிடமிருந்து பிடிப்பது 11.10 சதவீதம். இதற்கு மேலும் ஒரு சுமையை ஏற்றினால், அது படுக்கைகளையும் ஆள்சேர்ப்பையும் குறைக்கும் என்ற அச்சம் நிர்வாகங்களுக்கு உண்டு; ஆள் குறைந்தால் எஞ்சியவர்களின் முதுகு இன்னும் தேயும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் செலவை மருத்துவமனையின் தலையில் மட்டும் கட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. போலந்தில் இதற்கென்று 1.5 சதவீதத் தனிப் பங்களிப்பும் தனி நிதியமும் இருக்கின்றன. வாஷிங்டனில் ஊழியரும் அமர்த்துபவரும் சரிபாதி பகிர்கிறார்கள். மேலும், முன் ஓய்வு இல்லாத இடத்திலும் செலவு இல்லாமல் போவதில்லை. நீண்ட நோய் விடுப்பு, பகுதி நேரத்துக்கு இறங்குதல், நாற்பதுகளிலேயே தொழிலை விட்டு விலகுதல் என்று அது வேறு கணக்குத் தலைப்புகளில் எழுதப்படுகிறது.

தொடக்கத்தில் சொன்ன நால்வரில் இளையவர், 1990இல் பிறந்து 22 வயதில் வேலைக்கு வந்தவர் என்று கொள்வோம். 2023ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தால், அவருக்கு 64 வயது நிறைவது 2054இல். அன்று அவரது பணிக்காலம் 42 ஆண்டுகள், முழு ஓய்வூதியத்துக்கு ஓராண்டு குறைவு. இடையில் எந்த நாடாளுமன்றமாவது மனம் மாறி, பார்த்த இரவுகளையும் தூக்கிய பாரத்தையும் வைத்து அவருக்கு உரிமை வழங்க முன்வந்தால், முதலில் கேட்கப்போவது சான்று. அவர் எந்த வார்டில், ஆண்டுக்கு எத்தனை இரவு, எத்தனை பேருடன் வேலை பார்த்தார் என்பது இன்று ஷிப்டு அட்டவணைகளில் இருக்கிறது. மென்பொருள் மாறும்போதும் மருத்துவமனைகள் இணைக்கப்படும்போதும் அழிந்துபோகக்கூடிய நிலையில் இருக்கிறது. அந்த அட்டவணைகளை ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுதோறும் ஓய்வூதிய நிதியத்தில் பதிந்து வைப்பதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. இந்த ஆண்டே அதைத் தொடங்கலாம்.